படகுத்துறை மாத்திரை

என் வூட்டுக்காரர் குடியை வுட்டுப் பொழைக்கணும்னு நான் வேண்டாத சாமி இல்ல. பாசம்னு நெனச்சிக்காதீங்க. குடிகாரனைப் பழி வாங்க முடியாது, அதான் காரணம். திட்டினா மறுநாள் மறந்துட்டேம்பான். அடிச்சா வலிக்காது. செத்துட்டான்னா மூணாம் நாளே ஊர் அவனைத் தங்கமான மனுசனாக்கிடும். இனிமே குடிச்சா ஆள் தாங்க மாட்டார்னு டாக்டர் சொன்னப்போ எனக்கு அழுகை வரல, ஆத்திரம்தான் வந்துச்சு. எனக்குப் பதில் சொல்லாம இந்தாளு எங்க தப்பிச்சுப் போறாரு?

அப்படி இன்னா செஞ்சாருன்னு கேப்பீங்க. ரெண்டு வருசம் முன்னாடி, பழவேற்காட்டுப் படகுத்துறை. காலையில மீன் ஏலம் போற நேரம். எங்க தீவுலேர்ந்து கொண்டாந்த எறால் கூடையை எறக்கி வச்சிட்டு நிக்கிறேன். ஒளிச்சு வச்ச பாட்டிலைக் காணோம்னு தேடிக்கிட்டு வந்தவர், நான்தான் குடிச்சிட்டேன்னு என் தாடையைப் புடிச்சார். "வாயத் தெற! ஊது!" ஐஸ் பொட்டி அடுக்குற எடத்துல ஒரு விளக்குக் கம்பம் இருக்கு, அதுக்குக் கீழ, அத்தனை ஆம்பளைங்க முன்னாடி. ஊதினேன். ஊதலைன்னா அடிச்சிருப்பார். யாரோ சிரிச்சாங்க. அந்தச் சிரிப்பு இன்னும் என் காதுல இருக்கு. மறுநாள் கேட்டா, "இன்னாமே சொல்ற, எனக்கு ஒண்ணும் ஞாபகமில்ல"ன்னுட்டார்.

மொத தடவை பட்டணத்துல குடியை நிறுத்துற ஒரு எடத்துல சேத்தோம். ஒரு மாசம் உள்ளேயே தங்கணும். கை நடுக்கம், இல்லாத பூச்சியைத் தட்டிவுடுறது, எல்லாம் அங்கதான் அடங்குச்சு. அதை நான் இல்லேங்கல, வூட்ல வச்சிருந்தா உசுரே போயிருக்கும். ஆனா அதுக்கப்புறம்? கட்டில், ஃபேன், கேரம்போர்டு, வேளாவேளைக்குச் சோறு. ஞாயித்துக்கிழமை பாக்கப் போனா கன்னம் உப்பி, புது மாப்பிள்ளை கணக்கா உக்காந்திருக்கார். நான் கூடை தூக்கித் தூக்கிக் கழுத்து ஒடிஞ்சு நிக்கிறேன். வயிறு எரிஞ்சுச்சு. திரும்பி வந்தப்போ ஊரே கையைப் புடிச்சு விசாரிச்சுது. என்னைக் கேக்க ஒரு நாதியில்ல. அங்க கதவு பூட்டியிருந்துச்சு, குடிக்கல. இங்க ஏது கதவு? நாலாம் நாள் வலைக்குப் போனவர் படகுலேயே ஊத்திக்கிட்டு வந்தார்.

அப்புறம் ஒரு வருசம் அதே கூத்து. ரத்தமா வாந்தி எடுத்தப்போதான் பொன்னேரிப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனோம். ஆள் தாங்க மாட்டார்னு சொன்னது அங்கதான். உடம்பு தேறினதும், இந்தத் தடவை நடுக்கம் பெருசா இல்ல, தங்க வேணாம், காலையில வந்து சாயங்காலம் வூட்டுக்குப் போகலாம்னாங்க. ஆசையை அடக்குற மாத்திரைய வூட்டாளுதான் தெனம் கையால குடுக்கணும். "முழுங்கிட்டாரான்னு நாக்குக்கு அடியில பாத்துடும்மா"ன்னாங்க நர்ஸம்மா. "பொறுப்பா பாத்துக்க ஆளு யாராவது கீறாங்களா?"ன்னு கேட்டாங்க. "நான் கீறேன்"னேன். என் கல்யாணத்துல கூட அவ்ளோ சந்தோசமா தலையாட்டினதில்ல.

வூட்ல வச்சுக் குடுக்கச் சொன்னாங்க. நான் ஆஸ்பத்திரிக்குப் பஸ் புடிக்கப் போற வழியில, படகுத்துறையில வச்சுக் குடுத்தேன். அதே கம்பம்.

"யோவ், வாயத் தெற."

தெறந்தார்.

"நாக்கத் தூக்கு. அந்தப் பக்கம். இந்தப் பக்கம்."

மீன் வாங்க வந்தவங்க, ஆட்டோக்காரங்க, பஸ்ஸுக்கு நிக்கிறவங்க எல்லாரும் பாத்தாங்க. நல்லா பாக்கட்டும். கிட்டப் போய் மோந்தும் பாத்தேன், அதை எந்த நர்ஸும் சொல்லிக் குடுக்கல. டீக்கடை பாய், "போதும்மா, பஸ் போய்டும்"னார். போனா அடுத்த பஸ் வரும்.

போக ஒரு தடவை, வர ஒரு தடவை, சாராயக் கடையைத் தாண்டித்தான் பஸ்ஸுக்கு நடக்கணும். பட்டணத்துல கதவு தாங்குச்சு, இங்க அவரேதான் தாங்கணும். கடை வந்தா மொகத்தை ஏரிப் பக்கம் திருப்பிக்குவார், கழுத்து நரம்பு பொடைக்கும். நான் பின்னாலேயே போய்ப் பாப்பேன். பாக்க நல்லா இருந்துச்சு.

ஒரே ஒரு குறை. எதுக்கு அங்க நிக்கிறோம்னே அவருக்குத் தெரியாது. வைத்தியம்னு நெனச்சு நிக்கிறவனை நிக்க வச்சு இன்னா பிரயோசனம்? சொல்லிடலாம்னு பல தடவை வாய் வரைக்கும் வந்துச்சு. சொன்னா மறுபடியும் ஞாபகமில்லம்பார், அதைக் கேக்க எனக்குத் தெம்பில்ல.

அஞ்சாவது வாரம் எனக்குக் காய்ச்சல். "இன்னிக்கு இங்கேயே போட்டுக்கோ, படுத்துக்கிட்டே பாக்குறேன்"னேன்.

"வாணாம். துறைக்கு வா."

"அங்க இன்னா கீது?"

தரையைப் பாத்தார். "அன்னிக்கு உன் தாடையைப் புடிச்ச எடம்."

தலையைத் தூக்கினேன். "ஞாபகமில்லன்னியே?"

"பொய் சொன்னேன்."

அடப் பாவி மனுசா! ரெண்டு வருசம் நான் மட்டும்தான் அதைச் சுமக்குறேன்னு நெனச்சு வெந்துக்கிட்டிருந்தேன். போர்வையை உதறிட்டு எழுந்தேன். படகுல ஏறித் துறைக்குப் போனோம். துறையில ஏலம் நடந்துக்கிட்டிருந்துச்சு. கம்பத்துக்குக் கீழ, நான் சொல்றதுக்கு முன்னாடியே அவரு வாயைத் தெறந்தார். கண்ணு கலங்கியிருந்துச்சு. எதுக்கு நிக்கிறார்னு அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மாத்திரையைக் கையிலேயே வச்சுக்கிட்டு நின்னேன்.

"இன்னும் நல்லாத் தெற"ன்னேன்.