அழித்தது நான்தான்

இரண்டு மாதத்துக்கு முன், ஒருவருடைய எட்டு ஞாயிற்றுக்கிழமை உழைப்பை ஒரே பட்டனில் அழித்தேன். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

பாளையங்கோட்டையில் என் மருமகனுக்கு ஒரு கம்ப்யூட்டர் சென்டர். இன்டர்நெட் இழுத்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஞாயிறுகளில் நான்தான் காவல். முப்பது வருடம் பரீட்சை ஹாலில் உலாத்திய கணக்கு வாத்தியார்... சும்மா இருப்பேனா?

விக்கிரமசிங்கபுரம் மில்லில் ஃபிட்டர் வேலை பார்க்கும் இசக்கிமுத்து வாராவாரம் பஸ் பிடித்து வருவார். துபாயில் இருக்கும் தம்பியோடு இன்டர்நெட்டில் கார் ரேஸ். அன்று எட்டிப் பார்த்தேன். ஆட்டத்தில் இருந்த வெளிநாட்டு ரோட்டை எடுத்துவிட்டு, வேறொரு ரோட்டைச் செருகிக்கொண்டிருந்தார்.

"என்னவே, பிட் அடிக்கீரா?"

"இல்ல சார்வாள், ரோட்டத்தான்..."

மேலே கேட்கவில்லை. அவர் டீ குடிக்கப் போன நேரம் ஃபைலை அழித்தேன்.

திரும்பி வந்தவர் திரையையே பார்த்தார். "அது எங்க வீட்டுக்குப் போற ரோடு சார்வாள். தம்பி ஊருக்கு வந்து நாலு வருசமாச்சு. ஆத்துப் பாலம் வரைக்கும் வரைஞ்சு அனுப்பிட்டேன்; அவன் அங்கனதான் நிக்கான். வாசல் வரைக்கும் இன்னைக்கு அனுப்பலாம்னு..."

கோபப்பட்டிருந்தால் தேவலை. பைய வெளியே போய்விட்டார். அடுத்த இரண்டு வாரம் வரவில்லை.

மருமகனிடம் விசாரித்தபிறகுதான் யோசித்தேன். காரின் வேகத்தைத் திருட்டுத்தனமாகக் கூட்டினால் அது மோசடி. எதிராளியிடமும் அதே ரோடு இருந்தால்? அவருக்கும் சம்மதம் என்றால்? ஆட்டத்தைச் செய்தவர்களே ரோட்டை மாற்ற வழி வைத்திருக்கிறார்கள் – தடுக்க நான் யார்?

பஸ் ஏறி மில் வாசலுக்கே போனேன்.

"தப்பு என்னுதுதான்வே. திரும்ப வாரும். நானும் கூட உக்காருதேன்."

"நீங்க பக்கத்துல இருந்தா பரீட்சை மாதிரில்லா இருக்கும்!" என்றார். சிரித்துவிட்டார்.

துபாயிலிருந்து பாதி ரோடு ஈமெயிலில் திரும்பி வந்தது. மீதியை இருவரும் ஐந்து ஞாயிறு உட்கார்ந்து வரைந்தோம். போன வாரம் தம்பி, விட்டு விட்டு நகரும் காரில், பாலம் தாண்டி வீட்டு வாசலில் வந்து நின்றார். ஆங்கில எழுத்தில் தமிழாக ஒரு வரி வந்தது: "வாசல் முருங்கைய எங்கண்ணே?"

"காத்துல விழுந்துட்டுலே" என்று அண்ணன் தட்டினார்.

பிறகு: "அங்கன விழுந்தா விழட்டும். இங்கன நடுண்ணே."

இசக்கிமுத்து மவுஸை என் பக்கம் தள்ளினார். "நீங்களே நடுங்க சார்வாள்."

நட்டுவிட்டேன். கொஞ்சம் கோணல்தான்... யாரும் அழிக்கச் சொல்லவில்லை!