நான் ஆற்காட்டம்மா ஆன விதம்

என் ஊர் ஆற்காடு இல்லை. இதை முதல் வரியிலேயே எழுதிவிட்டால் பாதி பாரம் இறங்கும் என்று எழுதிவிட்டேன். ஆற்காட்டில் பஸ் மாறி, இன்னும் முக்கால் மணி நேரம் உள்ளே போனால் நாற்பது வீடுகள் உள்ள ஒரு கிராமம் வரும். அதுதான் என் ஊர். பெயரை இங்கே எழுதவில்லை. எழுதினாலும் உங்களுக்குத் தெரியப்போவதில்லை.

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் ஆம்பூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த அன்றைக்கும் இதே கதைதான். பெண்ணைப் பார்க்கத் தெருப் பெண்கள் நாலு பேர் வந்தார்கள். "எந்த ஊரும்மா?" என்றாள் ஒருத்தி. சொன்னேன். "அது எங்க கீது?" என்றாள் இன்னொருத்தி. எனக்குச் சுருக்கென்றது. "ஆற்காடு பக்கம்" என்றேன். அன்று மாலை தண்ணீர்க் குழாயடியில் நான் "புதுசா வந்த ஆற்காட்டுப் பொண்ணு". நடுவில் இருந்த "பக்கம்" எங்கே விழுந்தது என்று யாருக்கும் தெரியாது. நான் குனிந்து எடுத்துக் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. ஒரு நாளைக்கு இரண்டு தடவை பஸ் வருகிற ஊர்க்காரிக்கு நவாபுகள் ஆண்ட ஊர் சும்மா கிடைத்தால் யார் வேண்டாம் என்பார்கள்?

எங்கள் பக்கத்தில் வந்த மருமகளைப் பிறந்த ஊர்ப் பெயரால்தான் கூப்பிடுவார்கள். எங்கள் தெருவில் ஆலங்காயத்தம்மா உண்டு, ஜோலார்பேட்டை அக்கா உண்டு, குடியாத்தத்துக்காரி இரண்டு பேர் உண்டு. ஒரு நாள் காலையில் எல்லாரையும் வரிசையாகக் கூப்பிட்டால் ரயில்வே டைம் டேபிள் படித்த மாதிரி இருக்கும். பெற்றவர்கள் வைத்த பெயர் ரேஷன் கார்டில் பத்திரமாக இருக்கிறது. நான் ஆற்காட்டுப் பொண்ணாக இருந்து, ஆற்காட்டக்கா ஆகி, இப்போது ஆற்காட்டம்மா. என் புருஷனே போனில் என் நம்பரை "ஆற்காடு" என்றுதான் போட்டு வைத்திருக்கிறார். கேட்டதற்கு, "உன் பேரு நாலு பேருக்கு இருக்குது. ஆற்காடுன்னா நீ ஒருத்திதான்" என்றார். அதற்கு மேல் நான் சண்டை போடவில்லை.

பெயர் என்னோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அது கைகால் முளைத்து நடக்க ஆரம்பித்தது. நான் நட்ட முருங்கை ஆற்காட்டு முருங்கை ஆனது. அந்த முருங்கையின் கீழே படுத்திருந்த நாய், எனக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, ஆற்காட்டு நாய் ஆனது. தெருமுனையில் நான் மொபெட்டோடு விழுந்த ஸ்பீட் பிரேக்கருக்கு ஆற்காடு மேடு என்று பெயர் வந்தது. ரோடு போட்டபோது மேட்டைச் சுரண்டி எடுத்துவிட்டார்கள், பெயரைச் சுரண்ட முடியவில்லை. நான் வேலை பார்க்கிற ஷூ கம்பெனியின் பஸ் எனக்காக முதல் தடவை நின்ற இடம் ஆற்காட்டம்மா ஸ்டாப், அப்புறம் வெறும் ஆற்காடு ஸ்டாப். இப்போது என்னைக் கண்ணால் பார்த்திராத ஆட்டோக்காரர்கள்கூட "ஆற்காடு ஸ்டாப்பா? அம்பது ரூபா" என்கிறார்கள்.

கம்பெனியில் நான் தையல் பிரிவில் இருக்கிறேன். ஷூவின் மேல்பாகத்தில் தையல் முடிகிற இடத்தில் நூலை உள்பக்கம் இழுத்து இரண்டு சுற்று சுற்றி ஒரு முடிச்சுப் போடுவேன். என்ன இழுத்தாலும் அவிழாது. சென்னையிலிருந்து தரம் பார்க்க வந்தவர், "இது இன்னா முடிச்சும்மா?" என்றார். நான் வாய் திறப்பதற்குள் சூப்பர்வைசர், "அது ஆற்காட்டு முடிச்சு சார். அந்தக் காலத்துலேருந்து வர்றது" என்றார். அது நான் பாவாடை நாடாவுக்குப் போடுகிற முடிச்சு. இன்று எங்கள் லைனில் முப்பது பேர் ஆற்காட்டு முடிச்சுப் போடுகிறார்கள். ஆற்காட்டில் ஒருத்தருக்கும் அது தெரியாது.

முதலில் கூச்சமாகத்தான் இருந்தது. பிறகு யோசித்துப் பார்த்தேன். ஆற்காடு என்ற பெயர் என்னிடம் வருவதற்கு முன்பே ஊர் சுற்றிய பெயர்தானே! சென்னையில் ஒரு ரோட்டுக்கு அந்தப் பெயர். எங்கள் அப்பா விளைவித்த கிச்சிலிச் சம்பா நெல்லுக்கு அந்தப் பெயர். பழைய வெள்ளி ரூபாய்க்கு அந்தப் பெயர். முன்பெல்லாம் வடக்கே ஒரு மாவட்டம், தெற்கே ஒரு மாவட்டம், இரண்டுக்கும் அதே பெயர். ஆற்காட்டைப் பார்த்தே இராதவர்கள்கூடப் பெயருக்கு முன்னால் ஆற்காடு போட்டுக்கொள்கிறார்கள். இத்தனையும் தாங்கிய பெயர் ஒரு முருங்கை மரத்தைத் தாங்காதா?

ஆனால் ஆற்காட்டைப் பற்றி யாருக்கு எது தெரிய வேண்டுமென்றாலும் என்னிடம் வந்தார்கள். அதுதான் பேஜார். பழைய கோட்டை வாசலான டெல்லி கேட்டுக்கு எப்படிப் போவது, எந்தக் கடையில் அந்த ஊர் இனிப்பான மக்கன் பேடா நன்றாக இருக்கும் என்று கேட்பார்கள். நான் ஆற்காட்டில் பார்த்தது பஸ் ஸ்டாண்ட் ஒன்றைத்தான். மக்கன் பேடாவை முதல் தடவை தின்றதே கல்யாணத்துக்குப் பிறகு, இந்த ஆம்பூரில். ஆகவே எல்லாக் கேள்விக்கும் "பஸ் ஸ்டாண்டு கிட்டயே" என்று பதில் சொல்லி வண்டியை ஓட்டினேன். அம்மா வீட்டுக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி லைனுக்கே பேடா வாங்கி வருவேன். "ஊர்க்காரி கையால வாங்கினா தனி ருசி" என்று தின்பார்கள். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். என்னுடையது இருபத்திரண்டு வருஷம் ஓடியது.

இந்த வருஷம் பொங்கல் லீவு முடிந்த வாரம், ஆற்காடு ஸ்டாப்பில் ஒரு புதுப்பெண் கம்பெனி பஸ் ஏறினாள். இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டுக்குக் கல்யாணமாகி வந்தவள். புருஷன் துபாயில் டிரைவர், வீட்டில் மாமியாரும் இவளும்தான். பர்தாவைச் சரி செய்துகொண்டே டிரைவரிடம், "அண்ணா, இந்த ஸ்டாப்புக்கு ஏன் ஆற்காடுன்னு பேரு?" என்று கேட்டாள். பஸ்ஸே கை நீட்டி என்னைக் காட்டியது.

"அக்கா! நானும் ஆற்காடுதான்! அங்கியே பொறந்து வளந்தவ!" என்று ஓடி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "நீங்க எந்தத் தெரு?"

மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம்? எனக்கு மடி நிறையக் கனம். முன் சீட்டிலிருந்து நாலு தலைகள் திரும்பிப் பார்த்தன.

"பஸ் ஸ்டாண்டு கிட்ட" என்றேன்.

"ரோட்டுக்கு இந்தாண்டயா, அந்தாண்டயா?"

"அந்தாண்ட."

அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "அங்க பேடா நல்லா இருக்குமே" என்றாள்.

"ஆமா, நான் எப்பவும் அங்கதான் வாங்குவேன்" என்றேன். அவள் சிரித்தாள். அதற்குள் கம்பெனி கேட் வந்துவிட்டது.

அன்று தையல் எனக்கு மூன்று தடவை கோணியது. பயந்துவிட்டேன், வெளிப்படையாகவே சொல்கிறேன். அந்த லைனில் யாருக்கும் என் சொந்தப் பெயர் தெரியாது. ஆற்காட்டை எடுத்துவிட்டால் மீதி என்ன இருக்கும்? பொய்க்காரி என்ற ஒன்றுதான் இருக்கும். அது ஸ்டாப்புக்கும் முருங்கைக்கும் சேர்ந்தே ஒட்டிக்கொள்ளும். ஒரு வாரம் பஸ்ஸில் டிரைவருக்குப் பின்னால், டீசல் நாற்றம் அடிக்கிற சீட்டில் உட்கார்ந்தேன். மதியச் சாப்பாட்டைக் கட்டிங் பிரிவுக்கு எடுத்துப் போய்ச் சாப்பிட்டேன். அவள் தூரத்திலிருந்து "அக்கா" என்பாள். எனக்குக் காது கேட்காது.

அடுத்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவளுடைய மாமியார் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். முட்டி வலியோடு இரண்டு தெரு நடந்து வந்திருந்தார். பின்னால் அவள். உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தேன்.

"ஆற்காட்டம்மா, இவ அம்மாவுக்குக் கண்ணு ஆபரேஷன் ஆயிருக்குது" என்றார் மாமியார். "பாக்கணும்னு அழுவுறா. என் பையன் இங்க இல்ல, எனக்கு முட்டி வலி ஜாஸ்தி. தனியா பஸ்ஸுல அனுப்ப எனக்கு மனசு வராது. வேற யாரு கூடவும் அனுப்ப மாட்டேன். நீங்கன்னா ஒரே ஊரு. நாளைக்கு நீங்க கூட்டினு போறதா இருந்தா அனுப்பறேன்."

அந்தப் பெண் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். என் ஊர் ஆற்காடு இல்லை என்று சொன்னால் அவள் அம்மாவைப் பார்க்கப் போக முடியாது. சொல்லாமல் கூட்டிப் போனால் ஆற்காட்டு நடுத்தெருவில் என் சாயம் வெளுக்கும். ஒரு வாரமாக அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்ததை நினைத்து எனக்கே என் மேல் கோபம் வந்தது.

"காலையில ஆறு மணி பஸ்ஸுக்கு ரெடியா இரு" என்றேன்.

வேலூரில் பஸ் மாறினோம். ஜன்னலோரத்தில் அவள் பள்ளிக்கூடம் விட்ட பிள்ளை போல் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டு வந்தாள். மேல்விஷாரம் வந்ததும் எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. இன்னும் கொஞ்ச தூரத்தில் ஆற்காடு.

"இந்தாம்மா, ஒண்ணு சொல்லணும். நான் ஆற்காடு இல்ல" என்றேன். என் ஊர்ப் பெயரைச் சொன்னேன். குழாயடியில் விழுந்த "பக்கம்" வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "தெரியும்க்கா. மொத நாளே தெரியும்."

"எப்டி?"

"பேடா எப்பவும் வாங்குவேன்னீங்க இல்ல? ஆற்காட்டுல இருக்கறவங்க யாருக்கா பேடா வாங்குறாங்க? வெளியூர்க்காரங்கதான் வாங்குவாங்க."

எனக்கு முகம் சூடாகிவிட்டது. "அப்ப எல்லார் முன்னாடியும் ஏன் கேக்கல?"

அவள் சிரிப்பை நிறுத்தினாள். "கல்யாணமாகி வந்து மூணு மாசம்க்கா. ஒருத்தரும் தெரியாது. அந்த ஸ்டாப்புல நிக்கறப்ப யாரோ ஒரு ஆட்டோக்காரர் ஆற்காடுன்னு கூவினாரு. எனக்கு அழுகையே வந்திருச்சு. அத நானே எதுக்குக் கெடுத்துக்கணும்?"

நான் டிக்கெட்டைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தேன்.

அவள் வீட்டில் அவளுடைய அம்மா கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மகள் குரல் கேட்டதும் இரண்டு கையையும் நீட்டினார். இருவரும் கட்டிக்கொண்டு உருதுவில் ஒரே நேரத்தில் பேசினார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை, கண் மட்டும் கலங்கியது. டாக்டர் அழக்கூடாது என்று சொல்லியிருக்கிறாராம். அழாமல் இருப்பதற்காக அந்த அம்மா என் பக்கம் திரும்பி, சாப்பிட்டுத்தான் போக வேண்டும் என்று அதட்டினார். சாப்பிட்டுவிட்டு என் கிராமத்துக்குப் போய், மறுநாள் மதியம் வந்து அவளை அழைத்துக்கொண்டேன். கிளம்பும்போது அவள் மூன்று தடவை உள்ளே போய்ப் போய் வந்தாள்.

திரும்பும் பஸ்ஸில் நான் ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். மாமியாரிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். மருமகளை நம்பி அனுப்பியவரிடம் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது சரியில்லை. என் பெயர் போனால் போகட்டும், காலில் விழுந்தாவது அவளை அடுத்த தடவையும் அனுப்பச் சொல்ல வேண்டும்.

மாமியார் வாசலில் நாற்காலி போட்டுக் காத்திருந்தார். சம்பந்தியின் கண்ணைப் பற்றி விசாரித்தார். பிறகு மருமகளிடம், "ஆற்காட்டம்மா வீட்டுக்கும் போனியா? அவங்க வீடு எங்க கீது?" என்றார்.

"அம்மா, நான் உங்க கிட்ட…" என்று ஆரம்பித்தேன்.

"எங்க வீட்டுக்கு எதிர் வீடு, மாமி" என்றாள் அவள். கண்ணைக்கூட இமைக்கவில்லை. "பச்சைக் கதவு. இத்தினி நாளா எனக்கே தெரியாமப் போச்சு பாருங்க."

மாமியாரின் முகம் மலர்ந்தது. "எதிர் வீடா! அப்ப இன்னா கவலை? இனிமே மாசா மாசம் இவங்க கூடவே போய்ட்டு வா."

என்னை வழியனுப்ப அவள் தெருமுனை வரை வந்தாள். நான் இரண்டு நாளும் அந்த வீட்டுக்கு எதிரில் என்ன இருந்தது என்று பார்க்கவே இல்லை. மெதுவாகக் கேட்டேன்: "இன்னாம்மா இப்டிப் பொய் சொல்லிட்ட? எதிர் வீட்டுல நெஜமா யாரு இருக்காங்க?"

"யாரும் இல்லக்கா. ரொம்ப வருஷமா பூட்டித்தான் கெடக்குது" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க வெச்சுக்குங்க."