இரத்தம் பட்ட வெள்ளைக் கட்டம்

எனக்கு எழுபத்தாறு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன், ஆனாலும் என் கையால்தான் எழுதுவேன்.

எங்கள் ஊரான மஹய்யாவவில் வீடுகளை ட்ரோன் விட்டுப் படமெடுக்க ஒரு யாழ்ப்பாணத்து மனிதர் வந்தார். ஒல்லி, கண்ணாடி போட்டவர். என் வாசல் சீமெந்தில் கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் தீட்டினார். அடிக்கடி குனிந்து அதன் தூசியை வாயால் ஊதினார்.

முன்பு பாதையை அகலமாக்கியபோது பெயின்ட் குறி விழுந்த வீடுகளையெல்லாம் இடித்தார்கள். அந்த ஞாபகத்தில் விளக்குமாற்றுக் கட்டையால் முதல் அடியை நான்தான் போட்டேன். பிறகு ஆம்பிளைகள் பாய்ந்தார்கள். கண்ணாடி நொறுங்கியது, உதடு கிழிந்தது. ஒருவன் அலவாங்குக் கம்பியால் அந்தக் குறியைக் கொத்த வந்தான். அவர் அதன்மேல் விழுந்து படுத்துக்கொண்டார். முதுகில் மிதித்தார்கள்.

"என்னை அடியுங்கோ, குறியைக் கொத்தாதேங்கோ! மேலயிருந்து எடுக்கிற படத்தை இதை வைச்சுத்தான் பொருத்துறம், இது இல்லாட்டி படம் பிசகும். உங்கட வீடு பக்கத்து வீட்டுக் காணிக்குள்ள போயிடும்."

"இடிக்கத்தானேய்யா வந்தீங்க?" என்றேன்.

"இல்லையம்மா. உங்கட பேரில காணி உறுதிப் பத்திரம் எழுதத்தான் அளக்கிறம்."

எல்லார் கையும் நின்றது. செம்பில் தண்ணீர் கொடுத்தேன். அவர் முகம் கழுவவில்லை. கட்டத்தில் சிந்திய தன் இரத்தத்தைக் கழுவினார்.

"மேலயிருந்து பார்க்கேக்க வெள்ளை தெரிய வேணும், அம்மா."

உறுதி இப்போது என் அலுமாரியில் இருக்கிறது. எல்லை ஒரு சாணும் பிசகவில்லை. அடித்தவளின் வாசலை அத்தனை சரியாக அளக்க அவருக்கு எப்படித்தான் மனம் வந்ததோ.

பேத்தி, இதை என் பிள்ளைகள் எல்லாருக்கும் வாசித்துக் காட்டு. முதல் அடி நான் போட்டதை விழுங்காமல் வாசி.