நாற்பத்தொரு மூச்சு

எனக்கு என் காதைப் பற்றிக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. சென்னையில் பதினொரு வருஷம் ஒலிப்பதிவுக் கூடங்களில் உட்கார்ந்து வளர்த்த காது அது. மாண்ட்ரியலுக்கு வந்த பிறகு எனக்குச் சோறு போட்டதும் அந்தக் காதுதான். நகரின் வடக்கே அஹுன்ட்சிக் என்ற பகுதியில், முன்பு தையல் ஆலையாக இருந்த ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடியில் எங்கள் நிறுவனம். மொத்தம் ஐந்து பேர். வெளிநாட்டுப் படக் காப்பகங்கள் பழைய படச்சுருள்களின் ஒலியைக் கோப்பாக மாற்றி எங்களுக்கு அனுப்பும். அதிலிருக்கும் கீறல், இரைச்சல், டக்டக் சத்தம் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு நாங்கள் திருப்பி அனுப்புவோம்.

போன இலையுதிர் காலத்தில் என் மேசைக்கு வந்தது, முப்பதுகளில் இங்கிலாந்தில் எடுத்த ஒரு பாட்டுப் படம். பேசும் படம் வந்து சில வருஷமே ஆகியிருந்த காலம். கதை ஒன்றும் பெரிதில்லை. தொப்பிக் கடையில் வேலை பார்க்கும் பெண் மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டே பாடுவாள். எதிர் மாடிக்காரன் கேட்டு மயங்குவான். பிறகு இருபது பெண்கள் தொப்பிப் பெட்டிகளோடு படிக்கட்டில் இறங்கி ஆடுவார்கள். முதல் தடவை பார்த்தபோது எனக்குக் கொட்டாவிதான் வந்தது.

இரண்டாம் தடவை கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். அப்போதுதான் அதை எடுத்த மனிதர்கள் எனக்குப் பிடிபட்டார்கள். காமிராவின் சத்தம் மைக்கில் விழக் கூடாது என்று அதை ஒரு பெட்டிக்குள் அடைத்திருப்பார்கள். வாத்தியக்காரர்கள் அதே தளத்தில், படத்தில் தெரியாத ஒரு மூலையில் இருப்பார்கள். பாட்டும் நடிப்பும் ஒரே நேரத்தில் பதிவாக வேண்டும். ஒருவர் பிசகினாலும் எல்லோரும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஓர் இடத்தில் யாரோ வயலின் வில்லை நாற்காலிமேல் வைக்கிற சத்தம் கேட்கிறது. இன்னோர் இடத்தில் ஒருவர் இருமலை விழுங்குகிறார். நம் ஊரிலும் முதல் பேசும் படங்களில் பக்கவாத்தியக்காரர்கள் செடி மறைவில் உட்கார்ந்து வாசித்தார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அதனால் அவர்கள்மேல் எனக்கு ஒரு ஒட்டுதல் வந்துவிட்டது.

அந்த மொட்டைமாடிப் பாட்டில் ஒவ்வொரு அடிக்கு முன்னாலும் ஒரு மூச்சு இருந்தது. பல்லிடுக்கில் காற்று போவதுபோல, சின்ன விசிலோடு உள்ளே இழுக்கிற மூச்சு. படத்தைப் பார்த்தால் அந்த நேரத்தில் கதாநாயகி வாயை மூடிச் சிரித்துக்கொண்டிருக்கிறாள். எனக்கு அது உறுத்தியது. சென்னையில் பாட்டு டிராக் கைக்கு வந்ததும் நாங்கள் முதலில் செய்கிற வேலை, அடிகளுக்கு நடுவிலுள்ள மூச்சை எடுப்பது. கீரை ஆய்கிற மாதிரி, யோசிக்காமலே கை அதைச் செய்யும். இங்கேயும் செய்தது. நாற்பத்தொரு மூச்சு. ஒன்றரை நாளில் எல்லாவற்றையும் எடுத்து, அதே பதிவில் யாரும் பாடாத இடத்தின் மௌனத்தை வெட்டி அங்கெல்லாம் ஒட்டினேன். ஒட்டுப்போட்ட இடம் எதுவும் தெரியவில்லை. பிரமாதமாகச் செய்திருக்கிறோம் என்று எனக்கே ஒரு மிதப்பு.

உதடு மூடியிருக்கும்போது மூச்சு கேட்டால், பாடுகிறவள் வேறு ஒருத்தி என்று அர்த்தம். என் பக்கத்து மேசை கியூபெக்காரர் அந்த வேலையைச் செய்திருந்தால் அங்கேயே நிறுத்தி, இது யார் குரல் என்று கேட்டிருப்பார். எனக்கு அது தோன்றவே இல்லை. கதாநாயகி வாயசைப்பாள், பாட்டை யாரோ பாடுவார்கள் என்பதுதான் நான் பிறந்ததிலிருந்து பார்த்த சினிமா. இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? ஆனால் நம் ஊரில் யாரோ என்று விட்டுவிடுவதில்லை. ரேடியோவில் பாடியவர் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் பாட்டைப் போடுவார்கள். அந்தப் பாதி எனக்கு நினைவுக்கு வரவில்லை.

நான் குடியிருப்பது அதே ஊரில் கோட்-டெ-நெய்ஜ் என்ற பகுதியில். எதிர்வீட்டு அக்காவுக்கு ஊர் யாழ்ப்பாணம். இரண்டு தெரு தள்ளியிருக்கும் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை பார்க்கிறார். திருத்திய ஒலிக்கோப்பை அனுப்பிவைத்த ஒரு வாரத்தில் லிஃப்டில் என்னை மறித்து, பழைய படம் திருத்துகிற இடத்தில்தானே வேலை என்று கேட்டார். அவர் பார்த்துக்கொள்ளும் ஓர் ஆங்கிலேய அம்மாளுக்குத் தொண்ணூற்று நாலு வயது. அந்த அம்மாளின் தாயார் லண்டனில் ஒரு படத்தில் பாடியவராம். அவர் அதை எழுதிப் போட்டதற்கு, அந்தப் படம் இப்போது இதே ஊரில் சரிசெய்யப்படுகிறது என்று காப்பகத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது. எந்த இடம் என்று வருகிற போகிற எல்லோரிடமும் கேட்டுக்கொண்டிருக்கிறாராம். அக்கா படத்தின் கதையைச் சொன்னார். தொப்பிக் கடை என்றதுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

காப்பகமும் எங்கள் மேலாளரும் சம்மதித்ததும், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் லேப்டாப்போடு போனேன். ஒல்லியான, நிமிர்ந்து உட்கார்ந்த அம்மாள். கம்பளிச் சட்டையைக் கழுத்துப் பொத்தான்வரை போட்டிருந்தார். பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர், கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று அக்கா சொல்லியிருந்தார். மேசைமேல் காப்பகத்தின் கடிதம் விரித்தபடி இருந்தது. சரிசெய்த பாட்டைக் கேட்டு, அது தன் தாயின் குரல்தான் என்று அவர் எழுதிக் கையெழுத்திட்டால், படத்தின் தொடக்கத்தில் அந்தத் தாயின் பெயரைச் சேர்ப்பதாக அதில் இருந்தது. வேறு அத்தாட்சி எதுவும் கிடையாது. சம்பளப் பட்டியல் எப்போதோ எரிந்துபோனது. கூட வேலை செய்தவர்களில் ஒருவரும் உயிரோடு இல்லை.

ஹெட்போனை நானே மாட்டிவிட்டேன். பாட்டு தொடங்கியது. ஒவ்வொரு அடிக்கு முன்னாலும் அவர் தலை லேசாக முன்னால் வந்தது, எதற்கோ காத்திருப்பதுபோல. அடி தொடங்கியதும் தலை பின்னால் போனது. முடிந்ததும் இன்னொரு தடவை போடச் சொன்னார். அப்புறம் ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, ரொம்பச் சுத்தமாக இருக்கிறது என்றார். நான் நன்றி சொன்னேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்குக் கூசுகிறது.

பிறகு அவராகவே சொன்னார். கதாநாயகி நல்ல அழகி, சுருதி மட்டும் நிற்காது. கும்பல் நடனத்தில் ஆட வந்த தன் தாயை, பலகையில் வரைந்த புகைபோக்கிக்குப் பின்னால் நிறுத்திப் பாட வைத்தார்கள். அங்கிருந்து கதாநாயகியின் முதுகு மட்டும்தான் தெரியும். அந்தத் தோள் அசைவதைப் பார்த்துப் பாட வேண்டும். வெளியே சொல்லக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். அவர் மகளிடம் மட்டும் சொன்னார். சில வருஷம் கழித்து அந்தப் படம் திரும்ப ஓடியபோது மகளைக் கூட்டிக்கொண்டு போனார். மகளுக்கு அப்போது ஆறு வயது. திரையில் அம்மா பெயர் இல்லையே என்று அழ வந்தபோது, பேசாமல் கேள் என்றாராம். பாட்டு வந்தது. ஒவ்வொரு அடிக்கு முன்னாலும் திரையிலிருந்து ஒரு மூச்சு வந்தது. அதே நொடியில் பக்கத்து இருக்கையிலிருந்தும் ஒரு மூச்சு. இரண்டிலும் அதே விசில். அம்மாவின் முன்பல் ஒன்று உடைந்திருந்தது.

ஐந்து வருஷத்தில் அந்தத் தாய் நோயில் இறந்துபோனார். மாமா வீட்டில் வளர்ந்தபோது இதைச் சொன்னால் எல்லோரும் சிரிப்பார்களாம். உன் அம்மா கதை கட்டுவதில் கெட்டிக்காரி என்பாராம் மாமா.

"எனக்கு ஆறு வயது. குழந்தைக்கு எது வேண்டுமோ அது காதில் விழும்," என்று ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னார். "இதில் அந்த மூச்சு இல்லை. மாமா சொன்னது சரிதான் போலிருக்கிறது."

அந்த இடத்திலேயே நான் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. முதலில் வந்தது பயம். நான் வேலை அனுமதியில் இங்கே இருக்கிறவள், தப்பு என்று தெரிந்தால் வேலை என்னாகும் என்ற பயம். அடுத்துதான் வெட்கம் வந்தது. வரிசையை மாற்றிச் சொன்னால் பொய்யாகிவிடும். லேப்டாப்பைப் பையில் வைத்து, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஏதோ சொல்லிவிட்டு, கோட்டைக்கூட மாட்டாமல் நடந்து வீட்டுக்கு வந்தேன்.

புதன்கிழமை வேலை முடிந்து வந்த அக்கா, சீருடையை மாற்றாமலே என் கதவைத் தட்டினார். அந்த அம்மாள் சாப்பாட்டைத் தள்ளி வைத்துவிடுகிறாராம், யாரோடும் பேச்சில்லையாம். திங்கட்கிழமை காப்பகத்துக்கு ஒரு கடிதம் எழுதி, அக்காவிடமே தபாலில் போடக் கொடுத்திருக்கிறார். என் தாய் இந்தப் படத்தில் பாடியதாக நான் சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன், உங்கள் நேரத்தை வீணாக்கியதற்கு மன்னிக்கவும் என்று. படித்துக்காட்டிவிட்டுத்தான் உறையை ஒட்டினாராம்.

அதற்குமேல் என்னால் முடியவில்லை. எல்லாவற்றையும் அக்காவிடம் கொட்டிவிட்டேன். அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று கேட்டார்.

"மூச்சை நீர்தான் எடுத்தனீரோ?"

"ஆமாக்கா."

"அவ தன்ர தாயைப் பொய்க்காரி எண்டு எழுதிக் குடுத்திட்டா, தங்கச்சி. நான் அதைக் கொண்டுபோய் தபாலில போட்டிட்டன். நீர் வாயைத் திறந்திருந்தா நான் போட்டிருப்பனோ?"

அவர் குரலை உயர்த்தியிருந்தால்கூட எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மறுநாள் காலையில் மேலாளரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முகம் சுருங்கியது. ஆனால் மூல ஒலிக்கோப்பு பத்திரமாக இருக்கிறது, திருத்திக்கொள்ளலாம் என்றார். நான் பயந்த எதுவும் நடக்கவில்லை. அது எனக்கு இன்னும் அவமானமாக இருந்தது. ஒன்றுமில்லாத பயத்துக்காக ஒரு கிழவியை நாலு நாள் பட்டினி போட்டிருக்கிறேன். அன்றே காப்பகத்துக்கு மின்னஞ்சல் எழுதினேன். மூச்சு வரும் ஒவ்வோர் இடத்திலும் கதாநாயகியின் உதடு மூடியிருப்பதைப் படத்தோடு காட்டி, பாடியவர் வேறொருவர் என்பதற்கு இதுவே சாட்சி, இதை நீக்கியது என் தவறு, அதனால்தான் அந்த அம்மாள் தன் வார்த்தையைத் திரும்பப் பெற்றார் என்று விளக்கினேன்.

சனிக்கிழமை பதில் வந்தது. மரியாதையான பதில்தான். மூச்சுகளைத் திரும்பச் சேர்க்கச் சொன்னார்கள். பாடியது கதாநாயகி அல்ல என்பதையும் ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் முதலில் சொல்லி, பிறகு மறுத்து, அதன்பின் இன்னொருவர் விளக்கத்தால் மறுபடி வருகிற ஒரே சாட்சியை வைத்துப் பெயர் போட முடியாது. பாடியவர் யாரென்று தெரியவில்லை என்று குறிப்பில் சேர்ப்பார்களாம். நான் ஞாயிற்றுக்கிழமையே உண்மையைச் சொல்லியிருந்தால் அந்தப் பெயர் திரையில் இருந்திருக்கும். அதை நான் எப்படித் திருப்பிப் பார்த்தாலும் அப்படித்தான் வருகிறது.

அடுத்த நாள் இல்லத்துக்குப் போனேன். அவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். இந்தத் தடவை லேப்டாப்பைத் திறக்கும் முன்பே சொன்னேன். மூச்சு இருந்தது, அழுக்கு என்று நினைத்து நான்தான் எடுத்தேன், உங்கள் முன்னால் தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்று.

"அம்மாவை முதலில் படக்காரர்கள் மறைத்தார்கள்," என்றார். "பிறகு நீ."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். போடு என்று கையைக் காட்டினார். கீறலும் இரைச்சலுமாக, மூலத்தில் இருந்தபடியே பாட்டைப் போட்டேன். முதல் மூச்சு வந்தபோதே அவர் கை கட்டில் சட்டத்தைப் பிடித்தது. பாட்டு முடியும்வரை விடவில்லை. கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கவும் இல்லை.

அதற்குப் பிறகு பெயர் விஷயத்தையும் சொன்னேன். சொல்ல அதைவிட மோசமான நேரம் கிடையாது, ஆனால் இனிமேலும் தள்ளிப்போட எனக்குத் தைரியமில்லை. அவர் கோபப்படவில்லை. அம்மாவுக்கு அது பழக்கம்தான் என்றார். பிறகு, எடுத்த மூச்சுகளை என்ன செய்தாய், தூக்கிப் போட்டுவிட்டாயா என்று கேட்டார்.

இல்லை, தனி டிராக்கில் இருக்கிறது என்றேன். நீக்குகிற எதையும் நாங்கள் அப்படி வைத்திருப்பது வழக்கம்.

"பாட்டு வேண்டாம். அதை மட்டும் போடு. ஹெட்போன் இல்லாமல்."

நாற்பத்தொரு மூச்சையும் வரிசையாகப் போட்டேன். வாத்தியம் இல்லை, சொல் இல்லை. ஒரு பெண் மூச்சு விடுகிற சத்தம் மட்டும் அந்த அறையில் கேட்டது. மாத்திரையோடு வந்த அக்கா கதவருகிலேயே நின்றுவிட்டார். முடிந்ததும், நிறுத்தாதே, திரும்பத் திரும்ப வருகிற மாதிரி வை என்றார் அந்த அம்மாள். வைத்தேன்.

"அம்மாவுக்கும் எனக்கும் ஒரே கட்டில்தான் இருந்தது," என்று சொல்லிவிட்டு மெல்லப் படுத்தார். பிறகு கையை ஊன்றி, கட்டிலில் இன்னோர் ஆள் படுக்க இடம் விட்டு, சுவரோரமாக நகர்ந்துகொண்டார்.