ஆறாவது வெடி

என் வீட்டுக்காரர் ஒளிந்து ஒளிந்து குடிக்கிறார் என்று ஒரு வருஷம் முழுக்க நம்பினேன். அது ஐம்பதுகளின் கடைசி, மதுவிலக்குக் காலம். குளிக்கப் போகிறேன் என்று போவார், துண்டு நனையாமல் திரும்பி வருவார். சாப்பிட்டுக் கை கழுவிய கையோடு "இன்னும் சோறு ஆகலையா?" என்பார். தலை வலிக்கிறது, காதுக்குள் வண்டு இரைகிறது என்று சுவரில் சாய்ந்துகொள்வார். கிட்டே போய் வாயை மோந்து பார்ப்பேன். வெற்றிலை வாசம்தான் வரும். "வாடை தெரியக்கூடாதுன்னுதான் வெத்தலையா?" என்று அதற்கும் ஒரு சண்டை. எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

அவருக்குக் கிணற்றில் வெடி வைக்கிற வேலை. வல்லத்திராக்கோட்டைப் பக்கம் நாங்கள் இருந்த இடத்தில் கொஞ்சம் தோண்டினாலே பாறை தட்டிவிடும். ஆட்கள் உளியால் துளை போட்டுத் தருவார்கள். இவர் மருந்து கெட்டித்து, திரி வைத்து, எல்லாரையும் மேலே அனுப்பிவிட்டுக் கடைசியில் பற்றவைத்துவிட்டு ஏறி வருவார். பற்றவைக்க இறங்கும்போது எத்தனை வெடி என்று உரக்கச் சொல்லிவிட்டுத்தான் இறங்குவார்.

மற்றவர்கள் தூரத்துக்கு ஓடிவிடுவார்கள். இவர் மட்டும் கிணற்றோரம் ஒரு பாறைக்குப் பின்னால் குந்தியிருப்பார். இரண்டு வெடி சேர்ந்து வெடித்தால் தூரத்தில் ஒன்றாகத்தான் கேட்கும், கிட்டத்தில் இருந்தால்தான் பிரித்து எண்ண முடியும். ஒன்று வெடிக்காமல் கிடந்து, தெரியாமல் ஆள் இறங்கினால் உயிர் மிஞ்சாது. அதனால் பற்றவைத்தவர் எண்ணிப் பார்த்து "எறங்கலாம்" என்று சொல்ல வேண்டும். அவர் சொன்ன பிறகு வேறு யாரும் எண்ணிக்கையைப் பற்றி வாய் திறக்கக்கூடாது, அபசகுனம். பதினைந்து வருஷமாக ஒவ்வொரு வெடியையும் இப்படி மண்டையில் வாங்கிக்கொண்டு எண்ணியவர் அவர்.

அன்றைக்கு நான் கஞ்சி கொண்டுபோயிருந்தேன். "ஆறு" என்று சத்தம் கொடுத்துவிட்டு இறங்கினார். புளியமரத்தடியில் நின்று நானும் சும்மா விரலை மடக்கினேன். ஐந்து வெடித்தது. கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. இவர் பாறைக்குப் பின்னாலிருந்து எழுந்து, "எறங்கலாம்" என்றார்.

இறங்குவதற்கு முதல் ஆளாக வடக்கயிற்றைப் பிடித்தவன் என் தம்பி. அவனுக்குப் பின்னால் மூன்று பேர்.

"எறங்காதீங்க! அஞ்சுதான் வெடிச்சிருக்கு!" என்று கத்திக்கொண்டே ஓடினேன்.

"ரெண்டு சேந்து வெடிச்சிருக்கும்க்கா. அங்கிட்டு நின்ன ஒனக்கு என்ன தெரியும்? மச்சான்தான் சொல்லிட்டாருல்ல" என்றான் தம்பி. அவன் ஒரு கால் கிணற்றுக்குள் தொங்கியது. ஓடிப்போய் அவன் தலைமயிரைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டேன். பொம்பளை வந்து எண்ணிக்கை பேசுவதா என்று ஒருவர் முகத்தைச் சுளித்தார்.

இவர் கிட்டே வந்தார். எல்லார் முன்னாலும் என்னைத் திட்டப்போகிறார் என்று நினைத்தேன். "நான் எத்தனைன்னு சொன்னேன்?" என்று மெதுவாகக் கேட்டார்.

எல்லார் காதிலும் அது விழுந்தது. தம்பி காலை வெளியே எடுத்தான். எல்லாரும் திரும்பி ஓடினோம்; புளியமரத்தை எட்டுவதற்குள் ஆறாவது வெடித்தது. திரி ஈரமாகி மெதுவாக எரிந்திருக்கிறது. கல்லும் மண்ணும் ஆள் உயரத்துக்குமேல் எழும்பி விழுந்தன. ஒருவருக்கும் கீறல்கூட இல்லை. தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டே சிரித்தேன். இந்த மனுஷர் குடிக்கவில்லை, இவருக்கு எல்லாம் மறந்துபோகிறது என்று அப்போதுதான் உறைத்தது. ஒரு வருஷம் பேசிய பேச்சுக்கு என் நாக்கை அறுத்துப் போடலாம்.

புதுக்கோட்டையில் ஒரு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். ரொம்ப நேரம் பார்த்தார். "வெளிய காயம் இல்லம்மா. ஒவ்வொரு வெடிக்கும் மூளை குலுங்கிக் குலுங்கி உள்ள வீங்கியிருக்கும்னு நெனைக்கிறேன். இனிமே வெடிச் சத்தம் பக்கமே விடாதீங்க. போன ஞாபகம் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம்" என்றார்.

நாலு நாளில் அன்றைக்கு நடந்ததையே அவர் மறந்துவிட்டார். ஏன் யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை என்று தினமும் கேட்பார். "மழைங்க, கெணத்துல தண்ணி நிக்கிதாம்" என்பேன். புதுக்கோட்டைச் சீமையில், சித்திரை வெயிலில், மழை என்று சொன்னால் யார் நம்புவார்கள்? அவர் நம்பினார். அதைப் பார்க்கத்தான் எனக்குப் பொறுக்காது. அன்றைக்குத் தம்பி இறங்கப்போனதைப் பற்றி அவரிடம் யாரும் மூச்சுவிடக்கூடாது என்று ஊரெல்லாம் சொல்லி வைத்தேன். தெரிந்தால் மனுஷர் உடைந்துபோவார் என்று பயம்.

பிறகு வயலுக்குத் தண்ணீர் கட்டும் வேலைக்குப் போனார். தலைவலி குறைந்தது. துண்டு நனைந்து வர ஆரம்பித்தது. "மழையா? எங்க மழை?" என்று ஒருநாள் என்னையே மடக்கினார். அன்றைக்கு நான் பட்ட சந்தோஷத்துக்கு அளவில்லை.

ஒரு வருஷம் கழித்து மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கை அப்படியே நின்றது.

"அன்னைக்கி மொதல்ல வடத்தப் புடிச்சது ஒன் தம்பிதானே?"

மழை மாதிரி இன்னொரு பொய் சொல்லியிருக்கலாம். "ஆமாங்க" என்றேன்.

அவன் பின்னால் நின்ற மூன்று பேரையும் வரிசை தப்பாமல் அவரே சொன்னார். பிறகு குழந்தை மாதிரி ஓவென்று அழுதார். எனக்கு அழுகை வரவில்லை, எழுந்து குதிக்கலாம் போல இருந்தது. அழட்டும் என்று விட்டுவிட்டு, இலையில் இன்னும் ஒரு கரண்டி சோறு போட்டேன்.