பத்து வருஷ மழைக்கு ஒரு வாய்க்கால்

மழையை அளப்பவன் என்றால் மழையை வரவழைப்பவன் என்றுதான் மதுரையில் பாதிப் பேர் நினைக்கிறார்கள். வராவிட்டாலும் திட்டு எனக்கு, அதிகமாக வந்தாலும் திட்டு எனக்கு. ராத்திரி வேலை பார்க்கும் சகோதரர்களே, பகலில் தூங்குகிறவனைச் சோம்பேறி என்கிற ஊரில் இந்தப் பழியையும் சேர்த்துச் சுமப்பது எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நான் பம்ப் கொட்டகையில் ராத்திரி டூட்டிக்காரன். கொட்டகை முற்றத்தில் ஒரு மழைமானி வைத்தார்கள். மழை விழ விழ, உருளையில் சுற்றிய காகிதத்தில் பேனா தானாகவே கோடு இழுக்கும். தூறலுக்குக் கோடு சாய்வாக ஏறும். கொட்டினால் சுவர் மாதிரி நிமிரும். “நம்ம ஊர் மழை பெரும்பாலும் பொழுது சாய்ஞ்சுதான் வருது, அந்நேரம் முழிச்சிருக்கிற ஆளு நீங்கதான்” என்று சுந்தரம் ஓவர்சியர் அதை என் தலையில் கட்டினார். கிருதுமால் ஆற்றுப் பக்கத்துத் தாழ்வான தெருக்களில் மழைத்தண்ணீர் வாய்க்கால் வெட்ட வேண்டும். எவ்வளவு அகலம் என்பதுதான் கேள்வி. கால் மணி நேரத்தில் எவ்வளவு கொட்டும், அப்படிக் கொட்டுவது எத்தனை வருஷத்துக்கு ஒருமுறை என்று தெரிந்தால்தான் அதற்குப் பதில் சொல்ல முடியும்.

அந்தத் தெருக்களில் ஒன்றில்தான் நானும் ஒரு மாடி அறையில் குடியிருந்தேன். எதிர்வீடு மிஷன் பள்ளிக்கூடத்து ஞானம்மா டீச்சருடையது. ஐப்பசி பிறந்தால் அவர் வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர். ஒரு மழையில் அவருடைய ஆர்மோனியம் ஊறிப்போய்ப் பாதிக் கட்டைகள் ஊமையாகிவிட்டன. “வாய்க்கால் வெட்டுனப்புறமும் தண்ணி உள்ள வந்துச்சுன்னா வீட்டை வித்துட்டுத் திண்டுக்கல்லுக்குப் போயிருவேன்” என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்லிவிட்டார். நான் டூட்டி முடிந்து வந்து படுக்கிற நேரத்தில் அவர் வாசிப்பார். அந்தப் பாதி ஆர்மோனியத்துக்குத்தான் என் கண் அசரும். மற்றபடி தூக்கத்துக்கும் எனக்கும் என்றைக்குமே ஒத்துப்போனதில்லை. ஆகவே ஊருக்காக உழைத்தேன் என்று நான் சொன்னால் முழுதாக நம்பிவிடாதீர்கள்.

கூடை

முதல் வருஷம் ஒரு சாயங்காலம் நல்ல இடிமழை. இதற்காகத்தானே காத்திருந்தோம் என்று பம்பைக் கவனித்துவிட்டு முற்றத்துக்கு ஓடி வந்தேன். மழைமானியின் வாய்மேல் ஒரு பனையோலைக் கூடை கவிழ்ந்திருக்கிறது. அது பறக்காமல் இருக்க மேலே ஒரு கல் வேறு! தெருவில் ஆறு ஓடுகிறது, என் காகிதத்திலோ கோடு பாய் விரித்துப் படுத்திருக்கிறது. பக்கத்துப் பிள்ளையார் கோயில் பூசாரி தலையில் துண்டோடு சிரித்துக்கொண்டு நின்றார். நான் கத்திய கத்தலில் அவர் சிரிப்பு போய்விட்டது.

“சர்க்கார் சாமான் நனையுதேன்னு நான் நனைஞ்சுக்கிட்டு வந்து மூடுனேன், நீங்க என்னடான்னா என்னையவே வையிறீங்க!”

முதல் பந்தி

நாள் பூராவும் பெய்கிற மழை வேறு, ஒரே மூச்சில் பெய்கிற மழை வேறு என்பதை யாருக்காவது விளங்கவைப்பதற்குள் எனக்குத் தொண்டை வறண்டுவிடும். பழைய புத்தகக் கடையில் வாங்கிய ஒரு கணக்குப் புத்தகத்தை வைத்துக்கொண்டு நானே தட்டுத்தடுமாறிப் படித்த விஷயம் அது. கல்யாணச் சமையல் மாயாண்டி ஒருநாள் வந்து, “முகூர்த்தத்தன்னைக்கு மழை வருமாண்ணே?” என்றார். வருமா என்பது எனக்குத் தெரியாது, வந்தால் எவ்வளவு வேகத்தில் வரும் என்பதைத்தான் பார்க்கிறேன் என்று என் காகிதங்களைக் காட்டினேன். மனுஷர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார்.

“மொத்தம் எம்புட்டுப் பேருன்னு கேட்டு நான் சாப்பாட்டுப் பந்தல் போடுறதில்லண்ணே, மொதப் பந்திக்கு எம்புட்டுப் பேரு முண்டுவாங்கன்னு கேட்டுத்தான் போடுவேன், ஒங்க வாய்க்காலுக்கும் அதான?”

செம்பு

விஷயம் வெளியே பரவிவிட்டது. கோடு நிமிர்ந்தால் வாய்க்கால் அகலமாகும் என்று கண்டுகொண்டவர் எங்கள் தெரு மளிகைக்கடை வேலாயுதம். அவர் அரிசி மூட்டைகளும் வருஷா வருஷம் நனைந்தவைதான். ஒரு சாயங்காலம் நான் டூட்டிக்கு வருகிறேன். வானத்தில் மேகமே இல்லை, காகிதத்தில் பிரளயம்! கோடு செங்குத்தாக ஏறி நிற்கிறது. மறுநாள் கொஞ்சம் முன்னாலேயே வந்து ஒளிந்திருந்து, செம்பும் கையுமாக ஆளைப் பிடித்தேன்.

அந்தக் காகிதத்தைக் குறுக்கே அடித்துத் தள்ளினேன். டீச்சருக்காக நானே ஒரு செம்பு ஊற்றினால் என்ன என்று எனக்கும் தோன்றாமல் இல்லை. ஆனால் ஒரு பொய் மழை உள்ளே நுழைந்தால் அத்தனை நிஜ மழைகளையும் எவனும் நம்பமாட்டான். இதை நான் பொறுமையாக எடுத்துச் சொன்னபோது வேலாயுதத்துக்கு ரோஷம் வந்துவிட்டது.

“ஏண்ணே, வானத்துல இருந்து விழுந்தா மழை, என் செம்புல இருந்து விழுந்தா மட்டும் வெறுந்தண்ணியா?”

தாயம்

வருஷங்கள் போயின. ஒவ்வொரு வருஷத்துக் கனத்த மழையையும் பெரியதிலிருந்து சிறியதாக வரிசைப்படுத்திப் புள்ளி வைத்து, புள்ளிகளுக்கு ஊடாக ஒரு வளைகோடு போட்டேன். ஓவர்சியர் அதை ராவும் பகலும் சரிபார்த்து, இரண்டு இடத்தில் திருத்தி, முனிசிபல் கமிட்டி மேஜைமேல் விரித்தார். என் கையெழுத்தில் எங்கள் ஊர் மழை அங்கே கிடந்ததைப் பார்த்தபோது, சொல்ல வெட்கமில்லை, எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. பத்து வருஷத்துக்கு ஒருமுறை வருகிற மழையைத் தாங்குகிற மாதிரி வெட்ட வேண்டும் என்றார் ஓவர்சியர்.

கமிட்டியில் ஒரு பெரியவர், ஜவுளிக்கடைக்காரர், கையைத் தூக்கினார். “அந்த மழைதான் போன ஐப்பசியிலயே வந்துட்டுப் போயிருச்சே! இனி ஒன்பது வருஷத்துக்குக் கவலை இல்லையே, ஒடுக்கமா வெட்டுனாப் போதும்.” மற்றவர்கள் தலையாட்டினார்கள். எனக்குத் திண்டுக்கல் வண்டியின் ஊதல் காதில் கேட்டது. ஓவர்சியர் அசரவில்லை. “தாயம் ஆடுவீங்களா?” என்று கேட்டார். “ஆடாம?” “ஒரு தாயம் விழுந்துட்டா, கொஞ்ச நாளைக்கு விழக்கூடாதுன்னு கட்டைக்கு உத்தரவு போட்டிருக்கா?” பெரியவர் தாடையைத் தடவினார். பிறகு சடக்கென்று நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“அட, தாயம் விழுந்தா மறுபடியும்ல உருட்டச் சொல்லுவான்! அகலமாவே வெட்டிப்புடுங்க, மழைகிட்ட நான் வெட்டு வாங்க மாட்டேன்!”

ஆர்மோனியம்

வாய்க்கால் வந்தது. அடுத்த ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல், சத்தம் கேட்டு எழுந்தேன். கூரைமேல் ஜல்லிக்கல்லைக் கொட்டுகிற மாதிரி மழை. அன்று மழைமானியில் பேனா ஏறி என் பத்து வருஷ மழை அளவைத் தொட்டுவிட்டு நின்றதைப் பிறகுதான் பார்த்தேன். அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம் கணக்குத் தப்பியிருந்தால் டீச்சர் போய்விடுவார் என்பது ஒன்றுதான். குடையை எடுக்கவும் தோன்றாமல் இறங்கி ஓடினேன்.

வாய்க்கால் விளிம்புவரை ததும்பிச் சுழித்துக்கொண்டு ஓடியது. டீச்சர் வாசல்நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருக்குப் பின்னால் கட்டில்மேல் பெட்டி, படுக்கை, அதற்கும் மேலே ஆர்மோனியம். இருவரும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தோம். அது விளிம்பை நக்கியது, ஒரு காய்ந்த வாழையிலையை வாசற்படி ஓரம் ஒதுக்கியது, அப்புறம் மெல்ல மெல்லக் கீழே இறங்கியது. படி நனைந்தது மழைச் சாரலில் மட்டும்தான். டீச்சர் என்னைப் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

“வருஷா வருஷம் கட்டில்ல ஏத்திப் பழகிப்போச்சு, தண்ணி வராமயே இறக்குறது எப்படின்னுதான் தெரியலை; இந்த ஆர்மோனியத்துக்கு ஒரு கை பிடிங்க.”

நல்ல வாய்க்காலுக்கு அடையாளம் அதைப் பற்றி யாரும் பேசாமலிருப்பதுதான் என்பதால், எங்கள் தெருவில் இன்றுவரை ஒருவர்கூட என்னைப் பற்றிப் பேசாததை நான் மெத்தப் பெரிய விருதாக நெஞ்சில் குத்திக்கொண்டு, காலை ஆர்மோனியம் கேட்டதும் தூங்கிவிடுகிறேன்.