அப்பா கேரவன் பார்க்கப் போனது

எங்கள் வீட்டில் யாருக்கும் கார் ஓட்டத் தெரியாது. தெரிந்திருந்தாலும் ஓட்டுவதற்குக் கார் கிடையாது. இந்த நிலையில்தான் அப்பா, காருக்குப் பின்னால் கட்டி இழுத்துப் போகும் கேரவன் ஒன்றை வாங்குவது என்று முடிவு செய்தார்.

கேரவன் என்றதும் சினிமா நடிகர்கள் வெயிலுக்கு ஒதுங்கும் பேருந்து அளவு வண்டியை நினைக்க வேண்டாம். இது இரண்டு சக்கரத்தின் மேல் ஒரு தகரப் பெட்டி. உள்ளே படுக்கை, அடுப்பு, அலமாரி, ஜன்னல், ஜன்னலுக்குப் பூப்போட்ட திரை. முன்னால் மூன்றடிக்கு ஒரு இரும்புக் கம்பி நீட்டிக்கொண்டிருக்கும். கம்பியைக் காரில் மாட்டினால் வீடு பின்னாலேயே வரும். செம்பவாங் கப்பல் தளத்தில் இருந்த வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் அப்படி ஒன்று வைத்திருந்தார். தளத்தை விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பப் போகிறோம் என்று அவர்கள் அறிவித்த பிறகு பியானோ, நாய், ஐஸ்பெட்டி எல்லாவற்றோடும் அதுவும் விலைக்கு வந்தது.

அறுபதுகளின் கடைசி அது. எனக்கு ஒன்பது வயது. தம்பிக்கு ஐந்து மாதம். அப்பா அதே தளத்தில் ஸ்டோர் கிளார்க். வெள்ளைக்காரர்கள் போனால் அப்பாவின் வேலை போகும். வேலையோடு நாங்கள் குடியிருந்த குவார்ட்டர்ஸும் போகும். மூன்று மாதத்தில் காலி செய்யச் சொல்லிக் கடிதம் வந்துவிட்டது. அடுக்குமாடி வீட்டுக்குப் பதிந்து வைத்திருந்தோம். எங்கள் முறை வந்தபாடில்லை.

போக இடமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. அப்பாவின் அண்ணன், எங்கள் பெரியப்பா, குவீன்ஸ்டவுனில் ஒன்பதாவது மாடியில் இருந்தார். பிள்ளைகள் இல்லை. "முன்ரூம் சும்மாதான் கிடக்கு, வந்து இருங்க" என்று கடிதம் வந்த வாரமே சொல்லிவிட்டார். அப்பா மாட்டேன் என்றார். அப்பாவுக்குத் தளத்தில் வேலை வாங்கிக் கொடுத்தது பெரியப்பா. முதல் சட்டை, காலுக்கு முதல் சப்பாத்து, கல்யாணத்துக்கு மண்டபம் எல்லாம் பெரியப்பா. தாம் செய்த உதவிகளை அப்பா மறந்துவிடக்கூடாதே என்று வாரம் ஒருமுறை நினைவூட்டுகிற நல்ல மனமும் அவருக்கு இருந்தது. அந்த முன்ரூமில் போய்ப் படுத்தால் தினம் ஒருமுறை கேட்க வேண்டிவரும் என்று அப்பா கணக்குப் போட்டிருக்க வேண்டும்.

ஆகவே அப்பா எங்களிடமும் அக்கம்பக்கத்திலும் ஒரே பேச்சாகச் சொன்னார்: "கொஞ்ச நாள் ஊர் சுத்திப் பார்க்கலாம்னு இருக்கோம். ஜொகூர் பாலம் தாண்டி ஈப்போ, பினாங்கு, அப்படியே மேல." நான் நம்பினேன். நம்பியதோடு நிற்காமல் பள்ளிக்கூடத்தில் விளம்பரமும் செய்தேன். வகுப்பில் ஐந்து பேருக்கு மேல்படுக்கை தருவதாக வாக்குக் கொடுத்திருந்தேன். மேல்படுக்கை என்று ஒன்று உண்டா என்பதே எனக்குத் தெரியாது.

அப்பா எதையும் முறையாகச் செய்கிறவர். ஆபீஸில் யாரோ விட்டுப்போன ஆங்கிலப் பத்திரிகையில், கேரவன் வாங்குவோர் கவனிக்க வேண்டியவை என்று ஒரு கட்டுரை இருந்தது. அதை அழகான கையெழுத்தில் இருபத்திரண்டு கேள்விகளாகப் பிரித்து எழுதிக்கொண்டார். முதல் கேள்வி: உங்கள் தேவை என்ன, எத்தனை பேர், எத்தனை நாள்? அப்பா 'நால்வர்' என்று எழுதியிருந்தார். நாளுக்கு நேரே ஒன்றும் எழுதவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை நாங்கள் புறப்படும்போது பெரியப்பா பஸ்ஸை விட்டு இறங்கிக்கொண்டிருந்தார். யாரும் கூப்பிடவில்லை. ஒரு கையில் தச்சர்கள் வைத்திருக்கும் அளவு நாடா. மறு கையில் சிராங்கூன் சாலையில் வாங்கிய மனையடி சாஸ்திரம்.

"எதால இழுக்கப் போற? சைக்கிள்லயா?" என்றார் வந்ததும்.

"கார் பின்னால வாங்கிக்கலாம்ணே."

"ஆமா லா, முதல்ல சேணம் வாங்குவோம், அப்புறம் குதிரை."

"நீங்க எதுக்கு வெயில்ல அலையுறீங்க? நான் பார்த்துக்க மாட்டேனா?"

"நீ சப்பாத்து வாங்கினப்பவே நான்தான்டா கால அளந்தேன்."

அம்மா தம்பியை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டு முன்னால் நடந்தார்.

அதிகாரியின் பங்களா முழுக்க மரப்பெட்டிகள். அதிகாரி இல்லை, துரைசாணி இருந்தார். ஒல்லியாக, உயரமாக, ஆண்களைப் போலக் காற்சட்டை போட்டுக்கொண்டு, வாயில் இரண்டு ஆணியோடு பெட்டி அடித்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் ஆணிகளை எடுத்துவிட்டுச் சிரித்தார். கேரவன் பின்பக்கம் புல்வெளியில் நின்றது. கீழே பச்சை, மேலே பாலாடை நிறம். அதைப் பார்த்த கணத்தில் ஐந்து பேருக்கும் கொடுத்த வாக்கை மனதுக்குள் ரத்து செய்துவிட்டேன். யாருக்கும் பங்கு கிடையாது.

அப்பா வெள்ளைச் சட்டையோடு வண்டிக்கு அடியில் படுத்து நுழைந்தார். சட்டத்தில் துரு இருக்கிறதா என்று சுரண்டினார். டயரின் பக்கவாட்டில் வெடிப்பு இருக்கிறதா என்று தடவினார். நான்கு மூலையிலும் இறக்கி நிறுத்தும் கால்களைச் சுழற்றி இறக்கி, ஏற்றி, மறுபடி இறக்கினார். பிறகு உள்ளே போய் சுவரெங்கும் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே வந்தார். பத்திரிகையில் அதைத்தான் அழுத்திச் சொல்லியிருந்தார்களாம்: தண்ணீர் இறங்கிய பலகை விரலுக்கு மெத்தென்று கொடுக்கும், இறங்காத பலகை கல் மாதிரி நிற்கும். அப்பா அழுத்திய இடமெல்லாம் கல் மாதிரி நின்றது. ஒவ்வொரு கேள்வியாக அடித்துக்கொண்டு வந்தார். அவர் முகத்தில் அந்தக் கடிதம் வந்தபிறகு முதல்முறையாக ஒரு தெளிவு தெரிந்தது.

பெரியப்பா வெளியே நாடாவைப் பிடித்து நீளம் அளந்தார். புத்தகத்தைப் புரட்டினார்.

"பதிமூணு அடி. பகைன்னு போட்டிருக்கு. ஆகாது."

அப்பா தலையை வெளியே நீட்டினார். "எங்கேர்ந்து அளந்தீங்க? முன்னால நீட்டுற கம்பி மூணடி இருக்கே. பதினாறு. பதினாறு செல்வம்தானே?"

"கம்பியெல்லாம் கணக்குல வராதுடா."

"மூக்கை விட்டுட்டா முகத்தை அளப்பீங்க?"

"வாலைச் சேர்த்தா ஆட்டுக்கு நீளம் பார்ப்பாங்க?"

துரைசாணி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். இவர்கள் விலை பேசிக்கொள்கிறார்கள் என்று நினைத்திருப்பார். கம்பி வீட்டைச் சேர்ந்ததா, சேராததா என்பது கால்மணி நேரம் நடந்தது. பெரியப்பா வேறு பக்கம் திரும்பினார்.

"சரி விடு. வாசல் தெற்குப் பார்த்து இருக்கு. அதுக்கு என்ன சொல்ற?"

"திருப்பி நிறுத்தினா கிழக்கு."

பெரியப்பா புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார். மனையடி எழுதியவர்கள், வாசலைப் பிடித்துத் திருப்பக்கூடிய வீட்டை எதிர்பார்த்து விதி எதுவும் எழுதி வைக்கவில்லை. ஊர் சுற்றும் வண்டிக்கு எதற்கு வீட்டுச் சாஸ்திரம் என்று எனக்குச் சிரிப்பாக வந்தது. பெரியவர்கள் எவ்வளவு முட்டாள்கள் என்பது ஒன்பது வயதில்தான் நன்றாகத் தெரியும்.

அம்மா மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. உள்ளே ஏறி நடுவில் நின்றார். ஒரு கையை நீட்டினார், ஒரு சுவர். தம்பியைத் தோளில் சாய்த்துக்கொண்டு மறு கையை நீட்டினார், அடுத்த சுவர். பதினோரு மணி வெயிலில் பெட்டிக்குள் இட்லிப் பானை மாதிரி இருந்தது. தம்பியின் முகம் சிவந்து கழுத்தில் வேர்வை ஓடியது.

"ஏங்க, ரொம்ப காயுதே" என்றார்.

"தென்னை மரத்தடில நிறுத்திட்டா நிழலாத்தான் இருக்கும். தெரிஞ்சவர் தோப்பு இருக்கு, சொல்லி வச்சிருக்கேன்."

பினாங்குக்குப் போகிற வழியில் அந்தத் தோப்பு எங்கே வருகிறது என்று நான் கேட்கவில்லை.

அப்போது மழை பிடித்தது. நம் ஊர் மழை தூறிக் காட்டிவிட்டு வருவதில்லை. அப்பாவுக்குக் கொண்டாட்டம். "பதினெட்டாவது கேள்வியே இதுதான், முடிஞ்சா மழையில பாருங்கன்னு! பாப்பா, நீ உள்ளேயே இரு. எங்க ஒழுகுதுன்னு மூலை மூலையாப் பாரு." கதவைச் சாத்திவிட்டு அவரும் பெரியப்பாவும் கார் ஷெட்டுக்கு ஓடினார்கள். துரைசாணி தம்பியையும் அம்மாவையும் தம் குடைக்குள் இழுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனார்.

அரைமணி நேரம் நான் அந்த வண்டிக்கு அதிகாரியாக இருந்தேன். கூரையில் ஆயிரம் பேர் அரிசி கொட்டுவது போலச் சத்தம். ஒவ்வொரு மூலையையும் உள்ளங்கையால் தடவிப் பார்த்தேன். அலமாரிக்குள் தலையை விட்டேன். ஜன்னல் ஓரங்களில் கன்னத்தை வைத்தேன். ஒரு சொட்டு இல்லை. பிறகு படுக்கையில் மல்லாந்து படுத்து ஈப்போவைத் தாண்டிக்கொண்டிருந்தேன்.

மழை குறைந்தபோது கதவு திறந்தது. அம்மாவும் துரைசாணியும் ஒரே குடையில். தம்பி தூங்கிவிட்டதால் உள்ளே விட்டு வந்திருந்தார்கள். துரைசாணியின் கையில் ஒரு கெண்டி. தேநீர் தரப்போகிறார் என்று எழுந்து உட்கார்ந்தேன். அவர் என்னை இறக்கிவிட்டு, என் படுக்கையின் மெத்தையைத் தூக்கினார். ஜன்னலுக்குக் கீழே, சுவரும் பலகையும் சேரும் இடத்தில், ஆர்க்கிட் செடிக்கு ஊற்றுவது போல நிதானமாகத் தண்ணீர் ஊற்றினார். தரையில் சிந்தியதை அம்மா முந்தானையால் துடைத்தார். துரைசாணி என்னைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தார். அம்மா விரல் வைக்கவில்லை, பார்த்தார். அதுவே போதும் என்று நினைத்திருப்பார்.

பிறகு அப்பாவைக் கூப்பிட்டார்கள். துரைசாணி ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னார்: வருத்தமாக இருக்கிறது, இத்தனை நாள் தாம் கவனிக்கவில்லை, மழை இறங்குகிறது, கைக்குழந்தை இருக்கும் குடும்பத்துக்கு இதை விற்க மனம் ஒப்பவில்லை.

என் மேல்படுக்கை, என் ஈப்போ, என் பினாங்கு எல்லாம் அந்தக் கெண்டித் தண்ணீரில் போய்க்கொண்டிருந்தன. விட முடியுமா?

"பொய்ப்பா! ஒழுகவே இல்ல! அவங்கதான் தண்ணி ஊத்தினாங்க! அம்மாவும் பார்த்துக்கிட்டு இருந்தாங்க!"

தமிழில்தான் கத்தினேன். துரைசாணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அம்மா நனைந்த முந்தானையைக் கையில் சுருட்டினார். பெரியப்பா வாசற்படியில் ஒரு காலை வைத்தபடி நின்றார்.

அப்பா அம்மாவைப் பார்த்தார். அதிக நேரம் பார்க்கவில்லை. குனிந்து, ஈரமான இடத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். அருகில் இருந்ததால் எனக்கு நன்றாகத் தெரிந்தது. விரல்நுனி வெளுத்தது. பலகை அசையவில்லை. விரலை எடுத்துப் பார்த்தார். சட்டையில் துடைத்தார்.

"ஆமா. ஒழுகுது" என்றார்.

"அப்பா!"

"நீ சின்னப்பிள்ளை. உனக்குத் தெரியாது."

பையிலிருந்து தாளை எடுத்து, பதினெட்டாம் கேள்விக்கு எதிரே அழகான கையெழுத்தில் 'ஒழுகுகிறது' என்று எழுதினார். பெரியப்பா உள்ளே வந்தார். அவரும் அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தார். பெரியப்பா இனி விடமாட்டார், பதிமூன்றடி என்றால் இதுதான் கதி என்று ஆரம்பிப்பார் என்று எதிர்பார்த்தேன்.

"கம்பியச் சேர்த்துப் பார்த்தா பதினாறுதான்டா வருது" என்றார் பெரியப்பா. "நீ சொன்னதுதான் சரி. அளவெல்லாம் அருமையா இருக்கு. என்ன செய்யறது, ஒழுகுதே."

அடுத்த மாதம் குவீன்ஸ்டவுனுக்குப் போனோம். முன்ரூமில் பதினான்கு மாதம் இருந்தோம். அந்தப் பதினான்கு மாதத்தில் பெரியப்பா சப்பாத்தைப் பற்றி இரண்டே முறைதான் பேசினார். அதில் ஒருமுறை அது என் சப்பாத்து. பள்ளி மாறிவிட்டதால் நான் வாக்குக் கொடுத்த ஐந்து பேரிடமிருந்தும் தப்பித்தேன்.

பல வருஷம் கழித்து, கீரை ஆய்ந்துகொண்டிருந்த ஒரு காலைப்பொழுதில் அம்மாவிடம் கேட்டேன், அந்தச் சமையலறையில் துரைசாணியிடம் என்னதான் சொன்னீர்கள் என்று. அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. துரைசாணிக்குத் தமிழ் தெரியாது. இருவருக்கும் இருந்தது சந்தைக்குப் போய்வரும் அளவு மலாய்.

"என்ன சொல்லத் தெரியும் எனக்கு? கார் இல்லைன்னேன். அண்ணன் வீடு இருக்குன்னேன். அப்புறம் உங்கப்பாவைக் காட்டி 'மாலு'ன்னேன், வெட்கப்படுறார்னு. அவளுக்குப் புரிஞ்சுபோச்சு. அவளும் கல்யாணமான புதுசுல ஊர்ல இந்த மாதிரி ஒரு பெட்டியிலதான் ஒரு குளிர்காலம் பூரா இருந்தாளாம். அவளே போயி கெண்டியை எடுத்தா."

"அப்பாகிட்ட நேரா வேண்டாம்னு சொல்லியிருக்கலாமே?"

அம்மா ஒரு பழுப்பு இலையைக் கிள்ளிப் போட்டார். "சொல்லியிருந்தா வாங்கியிருப்பார்."

அன்று அந்தப் பெட்டிக்குள் உண்மை பேசியது நான் ஒருத்திதான் என்று வெகுகாலம் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். அங்கே நின்ற நான்கு பெரியவர்களுக்கும் அது ஒழுகவில்லை என்பது என்னைவிட நன்றாகத் தெரியும். அதைச் சொல்லாமல் இருக்கத்தான் எனக்குத் தெரியவில்லை.